பளீல் நானாவின் தோட்டம்

ரொபர்ட் அரை வாளித் தண்ணீரோடு தோட்டத்து லயன் வீட்டுப் படியேறி வந்தால், தெரேசம்மா கையில் இருக்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"என்னா புள்ள, புது மாப்பிள்ளய பாக்கிற மாதிரி பாக்கிற?" என்று அவன் கேலி செய்வான்.

போன வருஷம் இதே காலத்தில் அவன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழும்பி, வாசலுக்கு வருவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவான். பெல்மதுளைக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிற்சாலை ரோலர் மெசினைத் தனியாளாகச் சுற்றவிட்ட ஆள் அவன். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்துக்கு இரண்டு தரம் இரத்தினபுரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வந்தான். தெரேசம்மா தன்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்று முதல் ஆளாய் நின்றாள். அவளுடைய இரத்தம் பொருந்தவில்லை. அவனுடைய தம்பிமாருடையதும் பொருந்தவில்லை. கடைசியில் மாதா கோயில் சாமியார்தான் பத்திரிகையில் விளம்பரம் போட்டுக் கொடுத்தார்.

அதைப் பார்த்துவிட்டு ஒரு மாலையில் தொலைபேசி வந்தது.

"என்ட பேர் பளீல். வெலிமடைப் பக்கம். ஹக்கலைப் பூந்தோட்டத்துல வேல. என்ட ரத்தமும் அதே ரத்தம்தான். சரிவருமா எண்டு பாப்பமே."

யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் தெரேசம்மா நினைத்தாள். ஆனால் அந்த மனிதர் கண்டி ஆஸ்பத்திரிக்கு வந்தார். சோதனை எல்லாம் செய்தார்கள். ஏன் கொடுக்கிறீர்கள் என்று வைத்தியர்கள் திரும்பத் திரும்பக் கேட்டபோது, "பேப்பர்ல பாத்தன். ரெண்டு நாளா மனசுலயே நிண்டுச்சு. அவ்வளவுதான்," என்று ஒரே பதிலைச் சொன்னார். ஒரு தேநீர்கூட அவர்களுடைய செலவில் குடிக்கவில்லை. ஒகஸ்ட் மாதத்தில் ஒரே காலையில் இருவருக்கும் சத்திரசிகிச்சை நடந்தது. ரொபர்ட் கண் விழிப்பதற்கு முன்னமே பளீலை வேறு வார்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தெரேசம்மா ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலின் கால்மாட்டில் முக்காடு போட்ட ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். அவருடைய மனைவி, நூரியா. தெரேசம்மா கையெடுத்துக் கும்பிட்டபோது அந்தப் பெண் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ரொபர்ட் தேறி, பஸ் பயணத்துக்கு வைத்தியர் சரி சொன்னதும், ஏப்ரல் மாதத்தில் இருவரும் ஹக்கலைக்குப் புறப்பட்டார்கள். விடியுமுன் ஏறிய பஸ் பலாங்கொடையைத் தாண்டி, பெரகலை வளைவுகளில் முக்கி முனகி ஏறியது. ஹப்புத்தளையில் ஜன்னல் வழியாகக் குளிர் உள்ளே வந்தபோது தெரேசம்மா தன்னுடைய சால்வையையும் எடுத்து ரொபர்ட்டின் கழுத்தில் சுற்றினாள்.

பூந்தோட்டம் கலியாண வீடு மாதிரி இருந்தது. வாசலில் வான்களும் பஸ்களும் நெருக்கியடித்து நின்றன. பிள்ளைகள் புல்வெளியில் உருண்டார்கள். ரோஜாக்கள் ஒவ்வொன்றும் சின்னக் கிண்ணம் அளவுக்கு விரிந்து கிடந்தன. மஞ்சள், வெள்ளை, இரத்தச் சிவப்பு, நடுவில் செம்மஞ்சளாகி ஓரத்தில் வெளுத்துப்போனது என்று எத்தனையோ நிறம். பின்னால் ஹக்கலைப் பாறை வானத்தை அடைத்துக்கொண்டு நின்றது. நடுப்பகலிலும் வியர்க்காத ஒரு இடம் இருக்கும் என்று தெரேசம்மாவுக்குத் தெரியும். அதற்குள் நிற்பது இதுதான் முதல் தடவை.

பளீல் நாற்றுமேடைப் பக்கத்திலிருந்து மண் கையோடு வந்தார். மெலிந்த, உயர்ந்த மனிதர். சிரிக்கும்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிலத்தைப் பார்ப்பவர். ரொபர்ட் நோய் தொற்றாமலிருக்கப் போட்டிருந்த முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு நேராக அவர் காலடியில் குனிந்துவிட்டான். பளீல் பதறிப் பின்னால் துள்ளினார். ஒரு கால் பூப்பாத்திக்குள் போய் விழுந்தது.

"யா அல்லாஹ்! எழும்புங்க அண்ணே, எழும்புங்க! ஆளுகள் பாக்குது!" என்றவர், தன் காலுக்கடியைப் பார்த்துவிட்டு அங்கேயே குந்தினார். "பாத்தீங்களா, ஒங்கட நன்றியால ஒரு கண்டு செத்துச்சு." நசுங்கிய செடியை விரலால் நிமிர்த்தி மண் அணைத்தார்.

ரொபர்ட் வயதில் மூத்தவன்தான். ஆனாலும் அன்று முழுவதும், முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, அவரை "நானா, நானா" என்றே கூப்பிட்டான். அவரோ இவனை "அண்ணே" என்றார். சாப்பாட்டு நேரத்தில் பளீல் அவர்களைத் தோட்டம் முழுக்கக் கூட்டிப்போய்க் காட்டினார். நன்றி என்ற பேச்சு எடுக்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு மரத்தைக் காட்டிப் பேச்சை மாற்றினார்.

புறப்படும்போது தெரேசம்மா இரண்டு அன்னாசியையும் ஒரு சேலைப் பையையும் நீட்டினாள். "சேல ஒங்க வீட்டு ஆளுக்கு, நானா. அவங்களயும் பாத்துட்டுப் போகலாம்னு நெனச்சோம்."

பளீல் அன்னாசியை வாங்கிக்கொண்டார். சேலையைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். "இது இப்ப வேணாம் தங்கச்சி. நூரியாவுக்கு... ஊட்டுல வேல கூட. பொறகு பாப்பம்." பிறகு பேச்சை அவசரமாகத் திருப்பினார். "ஏப்ரல்ல எல்லாரும் வாராங்க. கலியாண ஊட்டுல யாரையும் சரியாப் பாக்க ஏலாதே. மழைக்கி வாங்க. பனிக்கி வாங்க. அப்பதான் இந்தத் தோட்டத்தப் பாக்கலாம்."

திரும்பும் பஸ்ஸில் தெரேசம்மா மடியில் கிடந்த சேலைப் பையைத் தடவிக்கொண்டே வந்தாள்.

"அந்தப் புள்ளைக்கு நம்ம மேல ஏதோ கோவம்ங்க."

"சும்மா இரு. கூச்சமா இருக்கும்," என்றான் ரொபர்ட். ஆனால் தெரேசம்மாவுக்கு மனம் ஆறவில்லை. சாப்பிடும்போதும் ஜெபம் சொல்லும்போதும் ஜன்னல் பக்கம் திரும்பிய அந்த முகம் வந்து நின்றது.

ஜூலையில் மழை பிடித்தது. ரப்பர் மரத்துப் பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்ட முடியாது. வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பிய ஒரு நாளில், "மழைக்கி வாங்கன்னு சொன்னாரே," என்றாள் தெரேசம்மா. அடுத்த நாள் ஒரு பை ரம்புட்டானோடு பஸ் ஏறினார்கள்.

இந்த முறை வாசலில் ஒரு வான்கூட இல்லை. தோட்டத்தில் பாதிக்கு மேல் பனிப்புகார் மூடியிருந்தது. பத்தடி தள்ளி நிற்கும் மரம் நிழலாகத் தெரிந்து மறைந்தது. பூக்கள் குறைவு. ஆனால் பன்னச் செடிகளெல்லாம் நனைந்து பளபளத்தன, இலையிலிருந்து இலைக்கு நீர் சொட்டும் சத்தம் காதில் விழுந்தது. ஆளில்லாத பாதையில் நடக்க ரொபர்ட்டுக்கு ஆசையாக இருந்தது. முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஆழமாக மூச்சு விட்டான்.

நாற்றுமேடையில் பளீல் இல்லை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தொட்டிகளுக்கு மண் நிரப்பிய சிங்களப் பெண்ணிடம் தெரேசம்மா சிங்களத்தில் விசாரித்தாள்.

"பளீல் அய்யா அத ஆவே நே. அசனீப்பய்," என்றாள் அந்தப் பெண். இன்றைக்கு வரவில்லை, உடம்பு சரியில்லை.

அந்த ஒரு சொல் போதும். தெரேசம்மாவின் நினைப்பு அவருடைய சிறுநீரகத்துக்கே ஓடியது. இருப்பது ஒன்றே ஒன்றுதானே அவருக்கு. அதற்கு ஏதாவது வந்துவிட்டதா? ரொபர்ட் கீழே வைத்த ரம்புட்டான் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டான். அவனும் அதையேதான் நினைக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பெண்ணிடம் வழி கேட்டுக்கொண்டு இருவரும் வெலிமடை பஸ்ஸில் இறங்கு பாதையில் போனார்கள்.

ரோட்டோரக் கடைக்குப் பின்னால், போஞ்சிப் பாத்திகளைத் தாண்டி ஒரு சின்ன வீடு. கதவைத் திறந்தது நூரியா. அவர்களைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது. ரொபர்ட் படியில் ஒரு காலை வைத்தான். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"நீங்க உள்ள வராதீங்க! காச்சல், இருமல். ஒங்களுக்கு ஒட்டிச்செண்டா அந்தக் கிட்னியும் போயிரும். பொறகு அந்த மனுசன் குடுத்தது வீணாப் போகும். அந்தா, கடையில போய் உக்காருங்க."

ரொபர்ட் திகைத்து, கடைத் தாழ்வாரத்துக்குப் போனான். தெரேசம்மா மட்டும் வாசலில் நின்றாள்.

"வெறும் காச்சல்தானா?"

"வெறும் காச்சல். டொக்டர் பாத்தாரு. தூங்குறாரு." நூரியா உள்ளே ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டாள். "எனக்கு வெறும் காச்சல் எண்டு ஒண்டு இல்ல. அவரு ஒருக்கா இருமினா எனக்கு உசிரு போய் மவுத்து வார மாதிரி. ராவெல்லாம் முழிச்சிக்கிட்டு ஈக்கிறன்."

மழை கூரைத் தகரத்தில் பொறுபொறுவென்று விழுந்தது. நூரியாவுக்குள் ஏறக்குறைய ஒரு வருஷமாக அடைபட்டுக் கிடந்தது அவிழ்ந்து வந்தது.

"வருத்தக்காரர் ஒங்கட ஊட்டுல ஈந்தாரு. எங்கட ஊட்டுல யாருக்கும் நோய் வருத்தமில்ல. நல்லா ஈந்த மனுசன வெட்டினாங்க. பொஞ்சாதி சம்மதிக்கணும் எண்டு பேப்பர நீட்டினாங்க. நான் மாட்டேண்டா அவரு என்னோட பேசமாட்டாரோ எண்டு பயந்து கையெழுத்து வச்சன். கை வச்சிச்சு, மனசு வைக்கல்ல. வந்தவங்க எல்லாரும் அவர்ட கையப் புடிச்சாங்க, சொர்க்கத்துக்குப் போவீங்க எண்டாங்க. பொறகு மூணு மாசம் அவருக்குப் பாரம் தூக்க ஏலா. பாத்தி கொத்தினது நான், தண்ணி தூக்கினது நான், புள்ளயப் பாத்தது நான். ஒங்கட பயம் அண்டைக்கி முடிஞ்சிச்சு அக்கா. என்ட பயம் அண்டைக்கித்தான் தொடங்கிச்சு."

தெரேசம்மா இங்கே கொண்டுவந்த வார்த்தைகள் எல்லாம் உதவாமல் போயின. நன்றி, மாதா உங்களை ஆசீர்வதிப்பா, எங்க குடும்பத்துக்கு நீங்க தெய்வம். எதையும் இந்தப் பெண்ணுக்கு முன்னால் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி நடைபாதையில், மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு தான் நின்ற காலை அவள் நினைவுக்கு வந்தது. அதே கட்டடத்தின் இன்னொரு நடைபாதையில், இன்னொரு கதவுக்கு முன்னால், இவளும் நின்றிருக்கிறாள். அதை இவ்வளவு நாளும் தான் நினைக்கவே இல்லையே என்று அவளுக்குச் சுரீரென்றது.

"அன்னைக்கி நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

நூரியா புரியாமல் பார்த்தாள்.

"ஒபரேசன் அன்னைக்கி. ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

நூரியாவின் உதடு கோணியது. "ஒரு பிளேன்டீ," என்றாள். "யாரோ ஒரு சிங்கள நோனா வாங்கித் தந்தாங்க." கதவு நிலையில் சாய்ந்து அழத் தொடங்கினாள்.

"எனக்கும் ஒண்ணும் எறங்கல. பன் ஒண்ண கையிலயே வச்சிக்கிட்டிருந்தேன், பொழுது சாயிற வரைக்கும்." தெரேசம்மாவுக்கும் கண் நிறைந்துவிட்டது. "நீங்க அங்க தனியா இருந்தீங்க. எனக்காவது கூட ஆளு இருந்திச்சு. ஒங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு எனக்குத் தோணலயே, நூரியா. எம் புருசன் பொழைக்கணும், பொழைக்கணும்னே நின்னுட்டேன்."

நூரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாசலில் கிடந்த நனைந்த செருப்புகளைப் பார்த்தாள். "உள்ள வாங்க அக்கா. குளுருது," என்றாள்.

அடுப்படியில் உட்கார்ந்து இருவரும் இஞ்சி தட்டிப் போட்ட தேநீர் குடித்தார்கள். கடைக்காரரிடம் சொல்லி ரொபர்ட்டுக்கும் ஒன்று அனுப்பினாள் நூரியா. பேச்சுக்கிடையில் ஒரு விஷயம் தெரிந்தது. வருஷத்துக்கு ஒருமுறை வந்து உடம்பைக் காட்டச் சொல்லித்தான் வைத்தியர்கள் பளீலை அனுப்பியிருந்தார்கள். அவர் போக மறுத்தார். நல்லாத்தானே இருக்கிறேன், எதற்கு லீவு போட வேண்டும் என்று தட்டிக்கழித்தார். நூரியா கெஞ்சியும் பார்த்துவிட்டாள்.

"எங்க வீட்டு ஆளுக்கு அடுத்த மாசம் கண்டியில கிளினிக்," என்றாள் தெரேசம்மா. "நாலு பேரும் சேர்ந்து போவோம். நான் கூப்பிட்டா நானா மாட்டேன்னு சொல்லமாட்டாரு. சொல்லிப் பாக்கட்டும்."

பளீல் மாட்டேன் என்று சொல்லத்தான் செய்தார். தெரேசம்மா தொலைபேசியில், "அப்ப நாங்க வந்து ஒங்க வாசல்லயே உக்காந்துக்குவோம்," என்றபிறகு சம்மதித்தார். கண்டியில் நால்வரும் ஒரே வாங்குப் பலகையில் உட்கார்ந்து நாள் முழுவதும் காத்திருந்தார்கள். பளீலின் இரத்தமும் சிறுநீரும் சோதித்துப் பார்த்த பெண் வைத்தியர், நூரியாவை உள்ளே அழைத்து, படம் வரைந்து, மெதுவாகச் சொன்னார்: மிச்சமிருக்கிற ஒன்று நன்றாக வேலை செய்கிறது. இரண்டின் வேலையைத் தானே பழகிக்கொண்டது. பயப்பட ஒன்றுமில்லை, வருஷா வருஷம் வந்து காட்டினால் போதும்.

வெளியே வந்த நூரியா நேராக வந்து தெரேசம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் தலை தெரேசம்மாவின் தோளில் சாய்ந்தது. அப்படியே தூங்கிப்போனாள். அத்தனை சந்தடிக்குள் எப்படித்தான் தூக்கம் வந்ததோ! அந்தத் தோளை அசைக்காமல் தெரேசம்மா உட்கார்ந்திருந்தாள். கை மரத்துப்போனது. ஆனாலும் அவளுக்கு அன்று வந்த நிம்மதியைப் போல ரொபர்ட் கண் விழித்த நாளில்கூட வரவில்லை.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தடவையாவது இரண்டு பெண்களும் தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள். போஞ்சிக்குப் பூச்சி அடித்தது, ரப்பர் தோட்டத்துக்குப் புது துரை வந்தது, நூரியாவின் மகளுக்குப் பல் விழுந்தது என்று பேச்சு எங்கெங்கோ போகும். ஒக்டோபரில் தெரேசம்மாவும் ரொபர்ட்டும் ஹக்கலைக்குப் போனபோது காலையில் வெயிலும் மத்தியானத்துக்குமேல் இடியோடு மழையுமாக இருந்தது. புதிதாய்ப் பூத்த டேலியாக்களின் தலைகளை மழை குனிய வைத்திருந்தது. நூரியா வரவில்லை. ஆனால் பளீல் ஒரு சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து, கண்ணாடிக் கூடத்துக் கூரைக்கடியில் விரித்தார். உள்ளே சோறும் கோழிக்கறியும் இருந்தன. ஒரு மூலையில் தனியாக, உப்பில்லாமல் சமைத்த சின்னக் கிண்ணம்.

"இது அண்ணனுக்காம். மருந்து குடிக்கிறவங்களுக்கு உப்பு கூடாதாமே. டொக்டர்ட்ட கேட்டு வச்சிக்கிட்டாள்," என்றார் பளீல் வெட்கத்தோடு.

ரொபர்ட் அந்தக் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத்தான் நிமிர்ந்தான். "உப்பு இல்லாமலே இவ்வளவு ருசின்னா, உப்பு போட்டா என்னாகும்!" என்றான்.

ஜனவரியில் நூரியா தானே சொன்னாள். "அடுத்த ஞாயிறு வாங்க அக்கா. நானும் தோட்டத்துக்கு வாரன். பள்ளியில படிக்கும்போது டீச்சர் கூட்டிக்கிட்டுப் போனது. கலியாணம் முடிச்ச பொறகு ஒரு நாளும் உள்ள போகல்ல."

தெரேசம்மா நத்தார்ப் பண்டிகைக்குச் செய்த கேக்கில், பிராந்தி ஊற்றாமல் தனியாகச் செய்து வைத்திருந்த பகுதியை எடுத்துக்கொண்டாள். வாசலில் நூரியா நீலக் கம்பளிச் சட்டையும் முக்காடுமாக நின்றிருந்தாள். குளிரில் வாயிலிருந்து புகை வந்தது. புல் நுனியெல்லாம் உறைபனியில் வெளுத்திருந்தது. வெயில் பட்ட இடத்தில் மட்டும் ஈரமாகிப் பச்சை தெரிந்தது.

பளீல் காலையிலிருந்தே பரபரப்பாக இருந்தார். எத்தனையோ வெளிநாட்டுக்காரருக்கும் கொழும்புக்காரருக்கும் வழி காட்டிய ஆள், தன் மனைவிக்குக் காட்டுவதற்குத் தடுமாறினார். நேராக ரோஜாத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பூ இல்லை. செடிகளை எல்லாம் முழங்கால் அளவுக்கு வெட்டிவிட்டிருந்தார்கள். முள்ளும் குச்சியுமாக நின்றன.

நூரியா ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை பார்த்தாள். "இதுக்கா விடியக்காத்தால ஓடுறீங்க? என்ட போஞ்சிப் பாத்தி இதவிட வடிவு."

ரொபர்ட் வாய்விட்டுச் சிரித்தான். பளீலுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "இப்ப வெட்டாட்டி ஏப்ரல்ல பூ வராது," என்றவர், குந்தி ஒரு குச்சியைக் காட்டினார். "இஞ்ச பாரு. கண்ண கிட்டக் கொண்டுவா." வெட்டுக்குக் கீழே, கடுகளவு சிவப்பாக ஒரு முளை. நூரியாவும் பக்கத்தில் குந்தினாள். விரலைக் கிட்டே கொண்டுபோனாள், தொடவில்லை. "எல்லாம் நீங்கதானா வெட்டினது?" என்று கேட்டாள். "இந்த வரிசையெல்லாம் நான்," என்றார் பளீல். அவள் எழும்பி, அந்த வரிசை முழுவதையும், ஒரு செடி விடாமல், மெதுவாக நடந்து பார்த்தாள். அவர் பின்னாலேயே போனார்.

பிறகு வெயில் விழுந்த புல்வெளியில் துணி விரித்து உட்கார்ந்தார்கள். கேக்கை வெட்டும்போது தெரேசம்மா, "இதுல பிராந்தி இல்ல, நம்பிச் சாப்பிடுங்க," என்றாள். பிறகு, கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நெடுநாளாக நெஞ்சில் சுமந்ததை இறக்கினாள்.

"நூரியா, அன்னைக்கி கையெழுத்து வச்சீங்களே. மனசில்லாமதான் வச்சேன்னு சொன்னீங்க. பயத்தோட வச்சது பயமில்லாம வச்சத விட எவ்வளவு பெருசுன்னு எனக்குத் தெரியும். நானா குடுத்ததுக்கு எல்லாரும் நன்றி சொல்லிட்டாங்க. நீங்க குடுத்ததுக்கு நான் சொல்லணும். நன்றிம்மா."

நூரியாவின் கண்ணிலிருந்து ஒரு துளி துணியில் விழுந்து பரவியது. "சரி அக்கா," என்றாள் மெல்ல. "வாங்கிக்கிட்டன்." பிறகு ஒரு பெரிய துண்டு கேக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

வெயில் ஏறியதும் ஆண்கள் இருவரும் எழும்பி, மேட்டுப் பாதையில் பெரிய மரங்களைப் பார்க்கப் போனார்கள். பளீல் ஏதோ விளக்கிக்கொண்டே போக, ரொபர்ட் வேகமாக ஏறினான். மேலேயிருந்து காற்று சில்லென்று வீசியது. தெரேசம்மா சத்தம் போட வாயெடுத்தாள். அதற்குள் பக்கத்திலிருந்து நூரியாவின் குரல் பாய்ந்தது.

"அண்ணே! மெதுவா ஏறுங்க! காத மூடுங்க, காத்து அடிக்குது! இஞ்சருங்க, அவரக் கையப் புடிச்சிக்கிட்டுப் போங்க!"

மேட்டில் இரண்டு ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள். பளீல் கையை நீட்டினார். ரொபர்ட் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்தக் கையைப் பிடித்தான்.

தெரேசம்மா திறந்த வாயை மூடிக்கொண்டாள். தன் புருஷனைக் காக்க இனி இன்னொருத்தியும் இருக்கிறாள். அந்த நினைப்பில் உடம்பெல்லாம் இளகிப்போக, புல்லில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, வெயிலுக்கு முகத்தைக் காட்டி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.